ஒரே மேடை, ஒரே குடும்பம்: மூன் இயக்கத்தின் சர்வமத அழைப்பும் நம் ஜமாஅத்துகளும்

மணப்பாறையில் ஜமாஅத் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்த பெரியவர் ஒருவர், அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்ததும் நம்மிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். "தம்பி, உலக சமாதானம்னு போட்டிருக்கு. எல்லா மதத்துக்காரங்களும் வர்றாங்களாம். சால்வை போட்டு சான்றிதழும் தர்றாங்களாம். போகலாமா, கூடாதா?"

தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தோம். அழகான புறாப் படம் இருந்தது. நடத்துகிறவர்கள் யார், அவர்களின் கொள்கை என்ன, செலவு யாருடையது ஆகிய மூன்றுக்கும் அதில் பதில் இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கடிதத்தை அனுப்பியவர்களைப் பற்றியதல்ல. அவர்கள் நல்ல எண்ணத்தோடும் அழைத்திருக்கலாம். ஆனால் பெரியவரின் கேள்வி நம் ஊர் ஜமாஅத்துகள் பலவற்றுக்கும் பொதுவானது. 'மத நல்லிணக்கம்' என்று யார் கூப்பிட்டாலும் முதல் வரிசையில் போய் அமர்வதா? அல்லது மார்க்கத்துக்கு ஆபத்து என்று எல்லா அழைப்பையும் கிழித்துப் போடுவதா? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டு அனுபவத்தோடு பதில் தரக்கூடிய ஓர் உதாரணம் உலகில் இருக்கிறது. கொரியாவில் பிறந்து, ஜப்பானில் பணம் சேர்த்து, அமெரிக்காவில் அரசியல் செய்து, நமக்குப் பக்கத்தில் நேபாளம் வரை வந்துவிட்ட ஒருங்கிணைப்புத் திருச்சபைதான் அது. மக்கள் பேச்சில் மூன் இயக்கம்.

அண்மைச் செய்திகளிலிருந்து தொடங்குவோம். 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் தேர்தல் பிரச்சாரத்தில் பேசிக்கொண்டிருந்த முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சொன்ன காரணம் உலகையே திகைக்க வைத்தது. தன் தாய் அந்தத் திருச்சபைக்குச் சுமார் 10 கோடி யென் கொடுத்துக் குடும்பமே திவாலானதாகவும், அந்த அமைப்போடு அபே நெருக்கம் காட்டியதாகவும் அவர் கூறினார். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் அவ்வியக்கத்தின் துணை அமைப்பு நடத்திய நிகழ்ச்சிக்கு அபே காணொளியில் வாழ்த்து அனுப்பியிருந்தது உண்மை. அந்தத் துணை அமைப்பின் பெயர் 'உலகளாவிய அமைதிக் கூட்டமைப்பு'.

கொலைக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அதன் பிறகு ஜப்பானில் கிளம்பிய விசாரணையில் பல ஆண்டுகளாக மூடிக் கிடந்தவை வெளியே வந்தன. 2025 மார்ச் 25 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்தத் திருச்சபையின் மத அமைப்பு அங்கீகாரத்தைக் கலைக்க உத்தரவிட்டது. 1,500க்கும் மேற்பட்டோர் சுமார் 2,040 கோடி யென் அளவுக்குப் பாதிக்கப்பட்டதாக நீதிமன்றம் கண்டது. திருச்சபை மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று தென்கொரியாவில் அதன் தலைவி, நிறுவனரின் மனைவி ஹான் ஹாக்-ஜா தமது 82ஆம் வயதில் கைது செய்யப்பட்டார். முன்னாள் அதிபரின் மனைவிக்கு விலையுயர்ந்த பரிசுகள் போய்ச் சேர்ந்த விவகாரமும் அரசியல்வாதி ஒருவருக்குப் பணம் தரப்பட்ட விவகாரமும் அவர் மீதான குற்றச்சாட்டுகள். அவர் அவற்றை மறுக்கிறார்.

இவ்வளவு பெரிய இயக்கம் எதை நம்புகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் அதன் சர்வமத மேடைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

நிறுவனர் சன் மியுங் மூன் 1920இல் இன்றைய வடகொரியப் பகுதியில் பிறந்தவர். பதினைந்து பதினாறு வயதில் ஈஸா நபி தமக்குத் தோன்றி, முடிக்காத பணியை முடிக்கச் சொன்னதாக அவர் கூறிக்கொண்டார். 1954இல் சியோலில் திருச்சபையைத் தொடங்கினார். 'உலகக் கிறிஸ்தவத்தை ஒன்றிணைப்பதற்கான பரிசுத்த ஆவி சங்கம்' என்பதே அதன் முதல் பெயர். அப்போது ஒன்றிணைக்க நினைத்தது கிறிஸ்தவத்தைத்தான். எல்லா மதங்களையும் ஒன்றிணைக்கும் பேச்சு பின்னால் வந்தது.

அவர்களின் அடிப்படை நூல் 'தெய்வீகத் தத்துவம்'. அதன் சாரம் இது. ஏவாளை ஷைத்தான் கெடுத்ததால் மனிதகுலத்தின் இரத்த வழியே கெட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய வந்த இயேசு, திருமணம் செய்து பாவமற்ற குடும்பத்தை உருவாக்கும் முன்பே கொல்லப்பட்டார்; அவருடைய பணி ஆன்மிக அளவில் மட்டுமே நிறைவேறியது. எனவே இரண்டாம் முறை வருபவர் ஒருவர் தேவை. அவர் கொரியாவில் பிறப்பார். அவரும் அவருடைய மனைவியும் மனிதகுலத்தின் 'மெய்ப்பெற்றோர்'. அவர்களின் ஆசியோடு திருமணம் செய்பவர்களின் இரத்த வழி ஷைத்தானிடமிருந்து இறைவனிடம் மாறுகிறது. மைதானங்களில் ஆயிரக்கணக்கான ஜோடிகள் ஒரே உடையில் நின்று மணம் முடிக்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்போம். 1982இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் மட்டும் 2,075 ஜோடிகள். வேடிக்கையாகத் தெரியும் அந்தக் காட்சி அவர்களுக்கு ஒரு இறையியல் சடங்கு.

ஒரு முஸ்லிமுக்கு இதில் சில இடங்கள் பழக்கமானவையாகத் தோன்றலாம். இயேசுவை முழுமையான மனிதராகப் பார்க்கும் அவர்களின் போக்கு மற்ற கிறிஸ்தவர்களை விட நமக்கு நெருக்கம் போலத் தெரியும். குடும்பத்தை மையமாக வைப்பதும், திருமணத்துக்கு வெளியே உள்ள உறவை வெறுப்பதும் நமக்குப் பிடித்தவைதான். முஸ்லிம்களில் சிலர் அந்த மேடைகளை நோக்கி ஈர்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வேரைப் பார்த்தால் இரண்டும் இரு வேறு மரங்கள். ஆதம் (அலை) தவறினார், மனம் வருந்தினார், அல்லாஹ் மன்னித்தான். அத்தோடு அது முடிந்தது என்கிறது குர்ஆன். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில், தூய இயல்பில் பிறக்கிறது என்பது நபிமொழி. கெட்டுப்போன இரத்தம் என்ற ஒன்றே இஸ்லாத்தில் இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு? இறுதி நபித்துவம் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை. அதற்கு முன்பே, இந்த முதல் படியிலேயே பாதைகள் பிரிந்துவிடுகின்றன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'தெய்வீகத் தத்துவம்' உலக வரலாற்றையே ஒரு திட்டமாக வரைந்து காட்டுகிறது. இஸ்ரவேலரின் வரலாறும் கிறிஸ்தவ ஐரோப்பாவின் வரலாறும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடி, கடைசியில் கொரியாவில் வந்து முடிகின்றன. அந்த வரைபடத்தில் இஸ்லாத்துக்கென்று ஓர் அதிகாரமும் இல்லை. பாக்தாதும் குர்துபாவும் இல்லாத உலக வரலாறு! வீட்டின் வரைபடத்தில் நமக்கு அறை கிடையாது. விருந்துக்கு மட்டும் அழைப்பு உண்டு.

அந்த விருந்து பெரிதாகவே இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1985இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் 1990இல் சான் பிரான்சிஸ்கோவிலும் 'உலக மதங்களின் பேரவை' கூடியது. 1991இல் உலக அமைதிக்கான சர்வமதக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆண்ட்ரூ வில்சன் தொகுத்த 'உலக வேதம்' என்ற பெரிய நூல் வெளிவந்தது. குர்ஆன், வேதங்கள், பைபிள், புத்த நூல்கள் எனப் பலவற்றிலிருந்தும் தலைப்பு வாரியாக எடுத்து அடுக்கிய அந்தத் தொகுப்பில் பல மதங்களின் அறிஞர்களும் உதவினார்கள். கல்வித் துறையில் இன்றும் பயன்படும் நூல் அது. குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சிரியாவின் தலைமை முஃப்தியாக இருந்த ஷெய்க் அஹ்மத் குஃப்தாரூ அந்த மேடைகளில் பங்கேற்றவர்களில் ஒருவர். 2000 அக்டோபர் 16 அன்று வாஷிங்டனில் லூயிஸ் ஃபராக்கான் நடத்திய பத்து லட்சம் குடும்பங்களின் பேரணிக்கு மூன் இயக்கம் துணை நின்றது. இவர்கள் யாரும் மூனை மெசியா என்று ஏற்றுக்கொண்டு போகவில்லை. தங்கள் கருத்தைச் சொல்ல ஒரு மேடை கிடைத்தது, போனார்கள்.

பிறகு நடந்ததுதான் நம் பெரியவர் கேட்ட கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி.

2002இல் அமெரிக்க நாளிதழ்களில் அந்த இயக்கம் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியிட்டது. 2001 டிசம்பர் 25 அன்று மறு உலகில் ஒரு கருத்தரங்கு நடந்ததாம். கிறிஸ்தவம், பௌத்தம், கன்பூசியம், இந்து மதம், இஸ்லாம் ஆகியவற்றின் பெரியோர்கள் அதில் கூடி, மூன்தான் மெசியா, மெய்ப்பெற்றோர் என்று தீர்மானம் போட்டார்களாம். நம் நபி (ஸல்) அவர்களின் பெயராலும் அதில் சாட்சியம் இருந்தது. இதை எழுதும்போதே கை கூசுகிறது. பத்து இருபது ஆண்டுகளாக அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ட முஸ்லிம் அறிஞர்களிடம் 'உங்கள் நபியின் பெயரால் இப்படி ஒன்று போடலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா? விருந்தாளியைப் பேச அழைத்துவிட்டு, அவருடைய வாயில் தன் வார்த்தையை வைப்பவனை நம் ஊரில் என்ன சொல்வோம்?

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2004 மார்ச் 23 அன்று வாஷிங்டனில் அமெரிக்க செனட் அலுவலகக் கட்டடம் ஒன்றில் அமைதி விருது விழா என்று ஒரு நிகழ்ச்சி. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் போனார்கள். விழாவின் நடுவே மூனுக்கும் அவர் மனைவிக்கும் மகுடம் சூட்டப்பட்டது. தாம்தான் மனிதகுலத்தின் மீட்பர் என்று மூன் அங்கேயே அறிவித்தார். செய்தி வெளியானதும் கலந்துகொண்ட அரசியல்வாதிகள் சிலர், தங்கள் தொகுதிக்காரருக்கு விருது தருகிறார்கள் என்று நம்பிப் போனோம், இப்படி என்று தெரியாது என்றார்கள். படித்தவர்கள், செயலாளர்கள் படை வைத்திருப்பவர்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், சால்வைக்கும் கேடயத்துக்கும் பழகிப்போன தமிழ்நாட்டு மேடைகளில் நம் முத்தவல்லிகளின் நிலை எப்படி இருக்கும்? 'அமைதித் தூதர்' என்ற பட்டத்தை அந்த இயக்கத்தின் அமைப்புகள் உலகெங்கும் மதத் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்துவருகின்றன. வாங்கியவர்கள் ஈமானை விற்றுவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் அந்தப் புகைப்படம் வேறொருவரின் ஆல்பத்தில் எந்தத் தலைப்பின் கீழ் ஒட்டப்படும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2018 இறுதியில் நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் அந்த இயக்கத்தின் ஆசிய பசிபிக் உச்சி மாநாடு நடந்தது. அன்றைய பிரதமர் கே.பி. ஒலி விருது பெற்றுக்கொண்டு உள்நாட்டிலேயே கடும் விமர்சனத்துக்கு ஆளானார். அந்த மாநாட்டில் மியான்மரின் ஆங் சான் சூகியும் கலந்துகொண்டார். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா முஸ்லிம்கள் எல்லை தாண்டி ஓடியதற்கு அடுத்த ஆண்டு அது. அமைதி மேடை அவரை வரவேற்றது. எல்லோரையும் ஒரே குடும்பம் என்பவர்களுக்கு அந்தக் குடும்பத்தில் அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்று பார்க்க நேரமிருப்பதில்லை.

இங்கே நம் சமூகம் எச்சரிக்கையாக நடக்க வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் இது பேசப்படுவதே இல்லை. ஜப்பான் நீதிமன்ற உத்தரவைக் கேட்டதும் 'நல்லா வேணும்' என்று கைதட்டத் தோன்றும். ஆனால் அந்த உத்தரவு எதைத் தண்டித்தது? நம்பிக்கையை அல்ல. முன்னோர்களின் ஆவி துன்பப்படுகிறது என்று பயமுறுத்தி, ஜாடிகளையும் சிலைகளையும் கொள்ளை விலைக்கு விற்று, குடும்பங்களை ஓட்டாண்டியாக்கிய செயலை. அங்கீகாரமும் வரிச்சலுகையும் போகும். கூடி வணங்குவதற்குத் தடை கிடையாது. இந்த வேறுபாடு நமக்கு உயிர்நாடி. ஏனென்றால் இதே கத்தி நம் பக்கமும் திரும்பியிருக்கிறது.

1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, சாதிக் கொடுமையைப் பற்றிப் பேசியவர்களைவிட வளைகுடாப் பணத்தைப் பற்றிப் பேசியவர்களே அதிகம். 2002இல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தின் அடிப்படையே 'ஆசை காட்டி மாற்றுகிறார்கள்' என்ற வாதம்தான். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது. சேலத்தில் ஹோமியோபதி படித்துக்கொண்டிருந்த ஹாதியாவை நினைத்துப் பாருங்கள். தானே விரும்பி இஸ்லாத்தை ஏற்றேன் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும் 'மூளைச்சலவை' என்றார்கள். வீட்டில் அடைத்து வைத்தார்கள். 2018 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அவருடைய திருமணம் மீண்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மூன் இயக்கத்தில் சேர்ந்த இளைஞர்களை அவர்களின் குடும்பத்தினரே கடத்திப் பூட்டிவைத்து 'மனம் மாற்ற' முயன்ற வரலாறு உண்டு. ஜப்பானில் ஒருவர் 12 ஆண்டுகளுக்கு மேல் அப்படி அடைபட்டுக் கிடந்து, பின்னர் நீதிமன்றத்தில் இழப்பீடு பெற்றார். அவருடைய நம்பிக்கை நமக்கு ஏற்புடையதல்ல. ஆனால் ஹாதியாவுக்காகக் குரல் கொடுத்த வாயால் இவரை அடைத்தது சரி என்று நம்மால் சொல்ல முடியாது.

சரி, ஒன்றிணைப்பு வேண்டாம் என்றால் ஒதுங்கி இருப்பதா? மணப்பாறைக்காரர்களிடம் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 2019 அக்டோபர் 25 அன்று பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. இடையில் தீபாவளி வந்துபோனது. கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் அந்தப் பிள்ளைக்காக வேண்டினார்கள். நாம் துஆ கேட்டது அல்லாஹ்விடம் மட்டும். அவர்கள் வேண்டியது அவர்களுடைய முறையில். குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. ஆனால் அந்த நான்கு நாட்களில் 'எல்லா மதமும் ஒன்றே' என்று யாரும் யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை. 2021 தேர்தலில், முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள இந்தத் தொகுதி மனிதநேய மக்கள் கட்சியின் ப. அப்துல் சமதைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. வாக்களித்தவர்கள் நம் அகீதாவை ஏற்றுக்கொண்டா வாக்களித்தார்கள்?

திருவரங்கத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. ரங்கநாதர் கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ஓர் இடமுண்டு. சுல்தானின் மகள் பெருமாள் மீது அன்பு கொண்டு வந்ததாக அவர்களின் மரபுக் கதை. ரொட்டி படைக்கிறார்கள், பெருமாளுக்குக் கைலியும் உடுத்துகிறார்கள். அந்தக் கதையை நாம் நம்புவதில்லை. நம் தவ்ஹீதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு முஸ்லிம் பெண்ணை நாச்சியாராக்கித் தங்களுக்குள் சேர்த்துக்கொண்ட கதை அது. ஆனாலும் அது அவர்களுடைய கதையாகவே இருக்கிறது. திருச்சி முஸ்லிம்களை மேடையேற்றி 'இதற்குச் சாட்சி சொல்லுங்கள்' என்று அவர்கள் கேட்பதில்லை. மூன் இயக்கத்திடமிருந்து இது வேறுபடுவது அந்த இடத்தில்தான்.

பண்பாட்டோடு பேசுவதும் நமக்குப் புதிதல்ல. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் மக்கத்து வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடினார். நாட்டு வளம், நகர வளம் எல்லாம் தமிழ். சொல்லப்பட்ட நபியோ சற்றும் மாறவில்லை. 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் போப்புக்கும் பிற கிறிஸ்தவத் தலைவர்களுக்கும் எழுதிய 'பொதுவான ஒரு சொல்' கடிதம், ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 64ஆம் வசனத்தின் அழைப்பை வைத்தே எழுதப்பட்டது. இறைவன் மீதான அன்பு, அண்டை வீட்டார் மீதான அன்பு என்ற இரண்டில் சந்திக்கலாம் என்றார்கள். ஈஸா நபி பற்றி உங்கள் நிலை எங்கள் நிலை ஆகிவிட்டது என்று யாரும் பொய் சொல்லவில்லை. கடிதம் அனுப்பியவர்களின் பெயர்கள் அடியில் வெளிப்படையாக இருந்தன.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. 'போகாதீர்கள்' என்றும் சொல்லவில்லை. ஜமாஅத் தாளிலேயே பதில் எழுதச் சொன்னோம்: உங்கள் அமைப்பின் நம்பிக்கை என்ன, நிகழ்ச்சிச் செலவு யாருடையது, நாங்கள் பேசுவதை அப்படியே வெளியிடுவீர்களா? மரியாதையாக, ஸலாமும் வாழ்த்தும் சேர்த்து எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து, பதில் வந்ததா என்று விசாரித்தோம்.

"பதில் ஒண்ணும் வரல தம்பி. சான்றிதழ்ல பேரை எப்படி எழுதணும்னு மட்டும் போன் போட்டுக் கேட்டாங்க" என்றார்.